ஜீரோ போர் விமானம்: பிறப்பும் பறப்பும்

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பறக்கவிட்ட ஜீரோ, அமெரிக்க விமானம் ஒன்றைப் பார்த்து அடித்த காப்பி என்கிறார்களே, அது உண்மையா? 1942 தொடக்கம் வரை யாராலும் எதிர்கொள்ள முடியாததாக இருந்த அந்த விமானம், இரண்டே ஆண்டில் ஏன் கொத்துக்கொத்தாக விழுந்தது?

முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில்: இல்லை. இரண்டாவதற்குப் பெரும்பாலானோர் சொல்லும் பதில், 'விமானிக்குக் கவசத் தகடு இல்லை, பெட்ரோல் டாங்கிக்குப் பாதுகாப்பு இல்லை, அதனால் எளிதில் தீப்பிடித்தது' என்பது. அது சரிதான், ஆனால் பாதிக் கதை. கவசம் ஏன் இல்லை என்று ஒரு படி பின்னால் போய்க் கேட்டால், 1938-இல் எந்த இன்ஜினைப் பொருத்துவது என்று ஒருவர் எடுத்த முடிவில் போய் நிற்போம். ஜீரோவின் வெற்றியும் தோல்வியும் அங்கேயே எழுதப்பட்டுவிட்டன என்பது என் கருத்து. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஜப்பானியக் கடற்படை தன் விமானங்களுக்கு, அவை பணியில் சேரும் ஜப்பானியப் பேரரசு ஆண்டின் கடைசி எண்களை வகை எண்ணாகக் கொடுத்து வந்தது. 1936-இல் பணியில் சேர்ந்த விமானம் 96-ஆம் வகை, ஏனென்றால் அது அவர்கள் கணக்கில் 2596. 1940 அவர்களுக்கு 2600. அந்த ஆண்டு ஏற்கப்பட்ட விமானம் பூஜ்ய வகை ஆயிற்று. அதிகாரபூர்வக் குறியீடு ஏ6எம். நேச நாடுகள் அதற்கு வைத்த சங்கேதப் பெயர் ஸீக். ஆனாலும் எதிரிகள் வாயிலும் ஜீரோ என்ற பெயர்தான் நின்றது.

வடிவமைத்தவர் ஜிரோ ஹோரிகோஷி. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்து, நகோயாவில் மிட்சுபிஷி நிறுவனத்தில் சேர்ந்தவர். நிறுவனம் அவரை ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது. அங்கே தொழிற்சாலைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார். முதன்மை வடிவமைப்பாளராக அவர் உருவாக்கிய முதல் போர் விமானம் தோல்வி. 1935-இல் முதன்முதலில் பறந்த அடுத்த விமானம் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. கடற்படை கேட்டது மணிக்கு 350 கி.மீ. வேகம், அது போனது 450 கி.மீ. ரிவெட்டுகளின் தலை வெளியே துருத்தாமல் தகட்டோடு தகடாக அமுங்கியிருக்கும்படி செய்ததும், உடலை மெலிதாக்கியதும், இறக்கையை ஒற்றை அடுக்காக வைத்ததும் அந்த வேகத்துக்குக் காரணம். அதுதான் 96-ஆம் வகைப் போர் விமானம். ஜீரோவின் நேரடித் தாய்.

காப்பி என்ற பேச்சைப் பார்ப்போம். மூன்று விமானங்களைச் சுட்டுவார்கள்: ஹோவர்ட் ஹியூஸின் எச்-1 பந்தய விமானம், வாட் நிறுவனத்தின் வி-143, பிரிட்டனின் குளோஸ்டர் எஃப்.5/34. தூரத்திலிருந்து பார்த்தால் இவை ஜீரோவை ஒத்திருப்பது உண்மைதான். வட்ட வடிவ இன்ஜின், தாழ்ந்த இறக்கை, உள்ளே மடியும் சக்கரம், மூடிய விமானி அறை என்று 1930-களின் பிற்பகுதியில் யார் நவீனப் போர் விமானம் வரைந்தாலும் கிட்டத்தட்ட இந்த உருவத்துக்குத்தான் வந்திருப்பார்கள். குளோஸ்டர் விமானம் முதன்முதலில் பறந்தது 1937 டிசம்பரில். அதற்குள் ஜீரோவுக்கான கோரிக்கைப் பட்டியல் ஹோரிகோஷியின் மேசைக்கு வந்துவிட்டது. வாட் வி-143-ஐ ஜப்பான் 1937-இல் விலைக்கு வாங்கியது. பிரித்துப் பார்த்துப் பாடம் படித்திருப்பார்கள், அதில் வியப்பில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவை எவை என்பது ஒளிவுமறைவில்லாத விஷயம். புரொப்பெல்லர், அமெரிக்க ஹாமில்டன் ஸ்டாண்டர்டின் உரிமம் பெற்று சுமிட்டோமோ செய்தது. இறக்கையிலிருந்த 20 மி.மீ. பீரங்கிகள், சுவிஸ் ஏர்லிகான் வடிவமைப்பை உரிமம் பெற்றுச் செய்தவை. திசை காட்டும் வானொலிக் கருவியின் மூலமும் அமெரிக்கா. இப்படி உறுப்புகளை வெளியில் வாங்குவது அன்றும் இன்றும் எல்லா நாட்டிலும் நடப்பது. ஜீரோவை ஜீரோவாக்கியவை வேறு: இறக்கைக் கட்டுமானம், எடைக் கணக்கு, விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கை இழுத்தால் விமானம் பதில் சொல்லும் விதம். இந்த மூன்றையும் எங்கிருந்தும் எடுத்திருக்க முடியாது. 'ஜப்பானியர்களால் சொந்தமாக இப்படி ஒன்றைச் செய்ய முடியாது' என்ற நினைப்பிலிருந்துதான் காப்பி என்ற பேச்சே வந்தது. அந்த நினைப்புக்கு நேச நாட்டு விமானிகள் உயிரைக் கொடுத்தார்கள்.

1937 அக்டோபரில் வந்த கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். 4,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 500 கி.மீ. வேகம். 3,000 மீட்டருக்கு மூன்றரை நிமிடத்தில் ஏற வேண்டும். துணை டாங்கி மாட்டிச் சிக்கன வேகத்தில் பறந்தால் 6 முதல் 8 மணி நேரம் வானில் இருக்க வேண்டும். இரண்டு 20 மி.மீ. பீரங்கி, இரண்டு 7.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி. எதிர்க்காற்று இருந்தால் 70 மீட்டருக்குள் கப்பல் தளத்திலிருந்து எழும்ப வேண்டும். இவ்வளவும் இருந்து, திரும்பும் திறனில் 96-ஆம் வகைக்குக் குறையவும் கூடாது.

பீரங்கியும் பெட்ரோலும் எடை. எடை கூடினால் திரும்பும் திறன் குறையும். வேகத்துக்குச் சிறிய இறக்கை நல்லது. திரும்பவும், குறுகிய தளத்தில் எழும்பவும் பெரிய இறக்கை வேண்டும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று அவிழும். போட்டிக்கு அழைக்கப்பட்ட நகாஜிமா நிறுவனம், 'இது ஆகாது' என்று 1938 ஜனவரியில் விலகிக்கொண்டது.

ஹோரிகோஷி கடற்படையிடம் போய், வேகம், தூரம், திரும்பும் திறன் ஆகிய மூன்றில் எதற்கு முதலிடம் என்று கேட்டார். இரண்டு அனுபவசாலி விமானிகள் எதிரெதிராக நின்றார்கள். சண்டையில் சுற்றிவந்து எதிரியின் வாலைப் பிடிப்பதே முக்கியம், அதை விட்டுக்கொடுக்காதீர்கள் என்றார் மினோரு கெண்டா. வேகத்தையும் தூரத்தையும் இயந்திரம்தான் தர முடியும், திரும்பும் திறனில் வரும் குறையை விமானியின் பயிற்சியால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றார் தகேயோ ஷிபாதா. பின்னால் நடந்த போர் ஷிபாதாவின் பக்கமே சரி என்று காட்டியது. ஆனால் அன்று முடிவு ஏதும் எட்டவில்லை. ஹோரிகோஷி எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டியதாயிற்று.

இங்கேதான் இன்ஜின் வருகிறது. மிட்சுபிஷியிடம் இரண்டு இன்ஜின்கள் இருந்தன: 875 குதிரைத்திறன் கொண்ட சுய்செய், 1,000 குதிரைத்திறனைத் தாண்டிய கின்செய். கின்செய் பெரியது, கனமானது. அதைப் போட்டால் விமானமும் பெருக்கும். சின்னஞ்சிறு 96-ஆம் வகையில் பழகிய விமானிகள் பெரிய விமானத்தைப் பார்த்தவுடனே முகம் சுளிப்பார்கள், கடற்படை நிராகரித்துவிடும் என்று ஹோரிகோஷி கணித்தார். சிறிய சுய்செயைத் தேர்ந்தெடுத்தார். கின்செயைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். அந்த வருத்தத்தின் கனம், இந்த விமானத்தின் வரலாற்றை முழுக்கப் படித்தால்தான் புரியும்.

சிறிய இன்ஜின் என்று முடிவாகிவிட்டதால், எல்லாச் சுமையும் எடைக் குறைப்பின் தலையில் விழுந்தது. சுமிட்டோமோ உலோக நிறுவனம் அப்போதுதான் துத்தநாகம் கலந்த புதிய அலுமினியக் கலவை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. 'எக்ஸ்ட்ரா சூப்பர் டுராலுமின்' என்று பெயர். சாதாரண டுராலுமினைவிட வலுவானது, ஆகவே மெலிதாகப் போடலாம். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கு ஹோரிகோஷி அதைப் பயன்படுத்தினார். அடுத்து, வழக்கமாக இறக்கையைத் தனியாகச் செய்து உடலோடு கனமான இணைப்புகளால் முடுக்குவார்கள். ஜீரோவில் இடது இறக்கை, வலது இறக்கை, நடுவே விமானி அமரும் உடல் பகுதி எல்லாம் ஒரே துண்டு. பின் உடலை மட்டும் தனியாகச் செய்து வளையமாகப் போல்ட் போட்டு மாட்டினார்கள். அந்தக் கனமான இணைப்புகள் முழுவதுமாக மிச்சம். உள்ளே எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் வட்ட வட்டமாக ஓட்டை போட்டுத் தகட்டை எடுத்திருப்பார்கள். விமானக் கட்டுமானம் படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இறக்கையின் உள்படத்தைத்தான். தேவையில்லாத ஒரு கிராமைக்கூட அதில் கண்டுபிடிப்பது கடினம்.

பலன்: போரின் தொடக்கத்தில் பறந்த 21-ஆம் மாடலின் வெற்று எடை சுமார் 1,680 கிலோ, பறக்கும் எடை சுமார் 2,410 கிலோ. இறக்கையின் நீளம் 12 மீட்டர், பரப்பு 22.44 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் இறக்கைக்கு ஏறத்தாழ 107 கிலோதான் சுமை. அதே காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேனுக்கு இது 135 கிலோவைத் தாண்டும். கீழே வருவதை எல்லாம் புரிந்துகொள்ள இந்த ஓர் எண் போதும்.

முதல் விமானம் 1939 மார்ச்சில் தயாரானது. நகோயா தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓடுதளம் கிடையாது. உலகின் மிக நவீனமான கப்பற்படைப் போர் விமானத்தைப் பிரித்து மாட்டு வண்டியில் ஏற்றி, 40 கி.மீ.க்கு மேல் இருந்த ககாமிகஹாரா தளத்துக்கு மெல்ல ஓட்டிப் போனார்கள். மோசமான சாலையில் லாரி குலுக்கினால் விமானம் பழுதாகும் என்று பயம். ஏப்ரல் 1-ஆம் தேதி அது பறந்தது. முதலில் அதிர்வு இருந்தது. இரண்டு அலகு புரொப்பெல்லரை மாற்றி மூன்று அலகு போட்டதும் அடங்கியது. மூன்றாவது மாதிரியிலிருந்து கடற்படை இன்ஜினையே மாற்றச் சொல்லிவிட்டது: போட்டியிலிருந்து விலகிய நகாஜிமாவின் சகே, 940 குதிரைத்திறன். அதோடு வேகம் மணிக்கு 533 கி.மீ. ஆயிற்று. 6,000 மீட்டருக்கு ஏழரை நிமிடத்துக்குள் ஏறியது.

ஓட்டும்போது ஜீரோ எப்படி இருந்தது? குறைந்த வேகத்தில், அதாவது மணிக்கு 300 கி.மீ. சுற்றுவட்டாரத்தில், அதற்கு நிகர் யாரும் இல்லை. இறக்கைச் சுமை குறைவு என்பதால் திரும்பும் வட்டம் மிகச் சிறியது. இறக்கை நுனியை இரண்டரை டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கி முறுக்கியிருந்தார்கள். இறுக்கித் திரும்பும்போது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கத் தொடங்கினால், உள்பக்கம் முதலில் இழக்கும், நுனி கடைசிவரை பிடித்திருக்கும். அதனால், விமானத்தைப் பக்கவாட்டில் புரட்டும் ஐலரான்கள் (இறக்கையின் பின்விளிம்பில் நுனிப்பக்கம் உள்ள மடல்கள்) கைகொடுத்துக்கொண்டே இருக்கும். விமானம் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து விழாது.

இன்னொரு நுட்பம் எனக்கு எப்போதும் பிடித்தது. வேகம் கூடும்போது காற்றின் விசை கூடுவதால், வாலில் உள்ள, மூக்கை ஏற்றி இறக்கும் மடலான எலிவேட்டரைச் சிறிதளவு அசைத்தாலே விமானம் தூக்கியடிக்கும். வேகம் குறைந்தால் அதே விளைவுக்கு நிறைய அசைக்க வேண்டும். விமானி ஒவ்வொரு வேகத்துக்கும் கையை மாற்றிப் பழக வேண்டியிருந்தது. ஸ்டிக்கையும் எலிவேட்டரையும் இணைக்கும் கம்பிகள் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அன்றைய விதி. ஹோரிகோஷி விதியைத் திருப்பிப் போட்டார். கம்பியை வேண்டுமென்றே சற்று இழுபடும்படி செய்தார். வேகமாகப் போகும்போது காற்று எலிவேட்டரை எதிர்த்துத் தள்ளும், கம்பி நீளும், ஸ்டிக்கை அதே அளவு இழுத்தாலும் எலிவேட்டர் குறைவாகவே அசையும். மெதுவாகப் போகும்போது முழுதாக அசையும். எந்த வேகத்திலும் கைக்கு ஒரே மாதிரி. கணினியும் மின் கட்டுப்பாடும் இல்லாத காலத்தில், ஒரு கம்பியின் நெகிழ்ச்சியை வைத்து அவர் சாதித்தது இது. ஜீரோவை ஓட்டியவர்கள் அது தங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டது போல இருந்தது என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

இனி மறுபக்கம். வேகம் மணிக்கு 370 கி.மீ.யைத் தாண்டத் தாண்ட ஐலரான்கள் கனத்துக்கொண்டே போகும். பக்கவாட்டில் புரள வேண்டுமென்றால் விமானி இரண்டு கையாலும் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். நீண்ட இறக்கை, பெரிய ஐலரான்; குறைந்த வேகத்தில் வரம், அதிக வேகத்தில் சாபம். இன்ஜின் சுழலும் திசை காரணமாக வலப்பக்கம் புரள்வது இடப்பக்கத்தைவிட மெதுவாக இருந்தது. செங்குத்தாகப் பாய்வதிலும் வரம்பு உண்டு: 21-ஆம் மாடலுக்குச் சுமார் 630 கி.மீ. அதற்கு மேல் போனால் கட்டுமானம் தாங்காது.

அந்த வரம்பு உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1940 மார்ச்சில் இரண்டாவது மாதிரி, பாய்ச்சல் சோதனையில் வானிலேயே சிதறியது; சோதனை விமானி ஒகுயாமா இறந்தார். 1941 ஏப்ரலில் இன்னொரு விமானத்தில் இறக்கைத் தகடு சுருங்கிக் கிழிந்தது. காரணத்தைக் கண்டறிய மறுநாளே அதே போன்ற விமானத்தில் பாய்ந்து பார்த்தவர் லெப்டினன்ட் மன்பெய் ஷிமோகாவா. அந்த விமானமும் உடைந்தது, அவர் மீளவில்லை. ஐலரானின் கனத்தைக் குறைக்கச் சேர்த்த சிறு மடல்கள், இறக்கை படபடத்து அதிரத் தொடங்கும் வேகத்தைக் கீழே இறக்கிவிட்டிருந்தன. இந்த அதிர்வை ஆராய்ந்து விடை கண்ட தடாஷி மட்சுடாய்ரா, போருக்குப் பிறகு ரயில்வே ஆராய்ச்சிக்குப் போய், அதிவேகத்தில் ரயில் பெட்டிகள் ஆடுவதைத் தீர்த்தார். இன்று ஜப்பானின் அதிவேக ஷின்கான்சென் ரயில் ஆடாமல் ஓடுவதில் ஜீரோ விபத்தின் பாடமும் இருக்கிறது.

பீரங்கிகளும் சொன்ன அளவுக்கு வரம் இல்லை. ஒரு பீரங்கிக்கு 60 குண்டுகளே. குண்டு மெதுவாகப் போகும், பாதை வளைந்து விழும். 7.7 மி.மீ. துப்பாக்கியோடு குறி சேராது. அருகில் போய்ச் சுட்டால் ஒன்றிரண்டு குண்டே போதும். தூரத்திலிருந்து சுட்டால் வீண்.

முதல் சண்டை 1940 செப்டம்பர் 13, சீனாவின் சோங்சிங் அருகே. 13 ஜீரோக்கள், சீன விமானப்படையின் சோவியத் தயாரிப்பு ஐ-15, ஐ-16 விமானங்களை மடக்கின. 27-ஐ வீழ்த்தினோம் என்றார்கள் ஜப்பானியர்கள். சீனக் கணக்கில் வீழ்ந்தவை 13, சேதமடைந்தவை 11. ஜப்பான் தரப்பில் ஒன்றுகூட இழப்பில்லை. சீனாவில் இருந்த அமெரிக்கர் கிளேர் செனால்ட் இதைப் பற்றி வாஷிங்டனுக்கு எச்சரிக்கை அனுப்பினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் திறனைவிட எதிரிகளைத் திகைக்கவைத்தது தூரம். உள்ளே 500 லிட்டருக்கு மேல், வயிற்றுக்கடியில் கழற்றி எறியும் 330 லிட்டர் டாங்கி. அதிகபட்சமாக 3,100 கி.மீ. 1941 டிசம்பர் 8-இல் தைவானிலிருந்து 800 கி.மீ.க்கு மேல் கடல் தாண்டி, பிலிப்பைன்ஸில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பின. இன்ஜின் சுழற்சியைக் குறைத்து, பெட்ரோல் கலவையை மெலிதாக்கிப் பறக்க விமானிகள் மாதக்கணக்கில் பழகியிருந்தார்கள். இவ்வளவு தூரம் ஒரு போர் விமானம் வர முடியாது, பக்கத்தில் எங்கோ விமானந்தாங்கிக் கப்பல் இருக்கிறது என்று அமெரிக்கர்கள் நினைத்தார்கள்.

நம் பக்கத்துக் கடலுக்கும் அது வந்தது. 1942 ஏப்ரல் 4-இல், இலங்கையின் கொக்கலை தளத்திலிருந்து ரோந்து போன விமானி லெனார்ட் பிர்ச்சாலின் கட்டலீனா விமானம் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பி முடிப்பதற்குள் ஜீரோக்கள் அதை வீழ்த்தின. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. 36 ஜீரோக்கள் காவலுடன் 91 குண்டுவீச்சு விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழும்பின. உயரம் பிடிக்க நேரமில்லாமல் கீழேயே சிக்கியவை பல. ஜீரோவோடு சுற்றிச் சண்டையிட முயன்றவை அதே வட்டத்தில் மாட்டின. ஜப்பான் இழந்தது ஏழு விமானங்கள். அவற்றில் ஜீரோ ஒன்றே ஒன்று. 9-ஆம் தேதி திருகோணமலையில் சீனக்குடாத் தளத்தின் மேலும் இதே கதை. ஹரிக்கேன் மோசமான விமானம் இல்லை. எதிரியின் வட்டத்துக்குள் போய் அவன் விதிப்படி ஆடினால் எந்த விமானமும் அன்று தோற்றிருக்கும். உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நிற்காமல் கீழே போய்விடுவதுதான் வழி. அதைச் செய்ய முன்னெச்சரிக்கையும் உயரமும் வேண்டும். கொழும்பில் அவை கிடைக்கவில்லை.

அந்தப் பாடத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு முழு ஜீரோ கிடைத்தது. 1942 ஜூன் 4, அலூஷியன் தீவுகளின் டச்சு ஹார்பர் தாக்குதலில், 19 வயது தடயோஷி கோகாவின் விமானத்தில் எண்ணெய்க் குழாய் அடிபட்டது. அகுட்டான் தீவில் புல்வெளி என்று நினைத்து இறக்கினார், அது சேறு. சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகப் புரண்டது. அவர் கழுத்து முறிந்து இறந்தார்; விமானத்துக்குப் பெரிய சேதமில்லை. ஜூலையில் அமெரிக்க ரோந்து விமானம் ஒன்று அதைக் கண்டது. சான் டியாகோவுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு, செப்டம்பர் 20-இல் அமெரிக்கக் கடற்படை விமானி எடி சாண்டர்ஸ் பறக்கவைத்தார். ஐலரான் இறுகுவது, வலப்புறம் புரள்வதில் தயக்கம் ஆகியவை எண்களாகப் பதிவாயின. இன்னொன்றும் தெரிந்தது: மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் மிதவைக் கார்புரேட்டரில் பெட்ரோல் மேலே போய், இன்ஜின் ஒரு கணம் அணைந்துவிடும். வால் பிடித்து வரும் ஜீரோவை உதற, வேகமாகக் கீழே பாய்ந்து வலப்புறம் புரளுங்கள் என்று விமானிகளுக்கு அறிவுரை போயிற்று.

இந்த அகுட்டான் விமானத்தைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கடற்படையின் பிந்தைய போர் விமானமான ஹெல்கேட்டை வடிவமைத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. ஹெல்கேட்டின் முதல் மாதிரி பறந்தது 1942 ஜூன் 26. அகுட்டான் ஜீரோவைக் கண்டுபிடித்ததே அதற்குப் பிறகு. அதே போல, அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் வகுத்த இணைச் சண்டை முறையும் முந்தியது. ஒயில்ட்கேட் என்ற அமெரிக்கப் போர் விமானங்கள் இரண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பறந்து, ஒன்றின் வாலில் இருக்கும் ஜீரோவை மற்றது நேர்முகமாகச் சுடும். ஜீரோவின் திரும்பும் திறனைப் பற்றி அறிக்கையில் படித்துவிட்டு அவர் அதை யோசித்தார். ஜூன் தொடக்கத்தில் மிட்வே கடற்போரிலேயே பயன்படுத்தினார்.

ஒயில்ட்கேட் ஜீரோவைவிட மந்தம். ஏறுவதிலும் திரும்புவதிலும் பின்தங்கியது. ஆனால் 1,200 குதிரைத்திறன் இன்ஜின் அதற்குக் கவசத்தையும், குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் டாங்கியையும், ஆறு கனரகத் துப்பாக்கிகளையும் சுமக்கும் தெம்பைக் கொடுத்தது. அடிபட்ட ஒயில்ட்கேட் வீடு திரும்பும். அதன் விமானி மறுநாள் அனுபவத்தோடு பறப்பார். அடிபட்ட ஜீரோ எரியும். கவசம் இல்லாததற்கு ஜப்பானியர் உயிரை மதிக்காததே காரணம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. 1937-இல் கடற்படை கவசம் கேட்கவில்லை. அந்த ஆண்டில் பிரிட்டனின் போர் விமானங்களிலும் அது இல்லை. 1940-இல் ஐரோப்பாவின் அனுபவம் வந்ததும் மற்றவர்கள் கவசத்தைச் சேர்த்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய இன்ஜின்களில் மிச்சத் திறன் இருந்தது. ஜீரோவில் மிச்சம் என்று எதுவும் இல்லை. 940 குதிரைத்திறனில் நூறு கிலோ சேர்த்தால், அதன் ஒரே பலமான இலேசுத்தனம் போய்விடும்.

1942 ஆகஸ்டிலிருந்து பசிபிக்கின் குவாடல்கனால் தீவுக்காகப் போர். ஜப்பானியத் தளமான ரபாவுலிலிருந்து ஒரு வழி 1,000 கி.மீ.க்கு மேல். எட்டு மணி நேரம் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து போய், நடுவே பத்து நிமிடம் சண்டை. ஆகஸ்ட் 7-இல் ஜீரோ விமானி சபுரோ சகாய் தலையில் குண்டடிபட்டு, ஒரு கண் தெரியாமல், ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓட்டித் திரும்பினார். ஜீரோவின் தூரம் ஒரு வரம்தான். தளபதிகள் அந்த வரத்தை நம்பித் தங்கள் விமானிகளைத் தாங்க முடியாத தொலைவுக்கு அனுப்பினார்கள். சேதமான விமானம் வழியில் கடலில் விழுந்தது. போருக்கு முன் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற அந்தத் தலைமுறை அங்கேதான் கரைந்தது. நுட்பமாகக் கையாள வேண்டிய விமானம், 1944-இல் சில மாதப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் கையில் இருந்தது. எதிரே 2,000 குதிரைத்திறன் ஹெல்கேட்.

மாற்றங்கள் செய்தார்கள். 32-ஆம் மாடலில் 1,130 குதிரைத்திறன் இன்ஜின் வந்தது. இறக்கை நுனியை வெட்டி 11 மீட்டராக்கினார்கள். புரள்வது மேம்பட்டது, தூரம் குறைந்ததும் ரபாவுலில் கூச்சல் எழுந்தது. 1943-இன் 52-ஆம் மாடலில் தகட்டைக் கனமாக்கி, புகைக்குழாய்களைப் பின்னோக்கித் திருப்பி மணிக்கு 565 கி.மீ. எட்டினார்கள். ஹெல்கேட் 600-ஐத் தாண்டிவிட்டது. ஜீரோவுக்கு வாரிசாக வர வேண்டிய ரெப்பு தாமதமாகிக்கொண்டே போனது. ஹோரிகோஷியின் சிறிய குழுதான் அதையும், ரெய்டன் என்ற இன்னொரு விமானத்தையும், ஜீரோவின் திருத்தங்களையும் சேர்த்துச் சுமந்தது. 1944 அக்டோபரில் 250 கிலோ குண்டு கட்டிய ஜீரோக்கள் கப்பல்களின் மேல் நேராக மோத அனுப்பப்பட்டன. மொத்தத்தில் 10,000-க்கு மேல் கட்டப்பட்டன; அவற்றில் பாதிக்கு மேல் கட்டியது நகாஜிமா, 'ஆகாது' என்று விலகிய அதே நிறுவனம்.

கின்செய் இன்ஜின் கடைசியில் ஜீரோவுக்குள் வந்தது. இப்போது அது 1,500 குதிரைத்திறனைத் தாண்டியிருந்தது. அந்த மாடல் முதலில் பறந்த மாதம் 1945 ஏப்ரல். இரண்டு மாதிரிகள் மட்டும் முடிந்தன. 1938-இல் அந்த இன்ஜினைச் சுற்றி விமானத்தை வரைந்திருந்தால், 1942-இல் கவசமும் டாங்கிப் பாதுகாப்பும் சேர்க்க இடம் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். போரின் முடிவு மாறியிருக்காது. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் எண்ணிக்கைக்கு முன் எந்த இன்ஜினும் நிற்காது. ஆனால் பல விமானிகள் வீடு திரும்பியிருப்பார்கள்.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கலிஃபோர்னியாவின் சீனோ நகரில் உள்ள பிளேன்ஸ் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1944-இல் சைபன் தீவில் கைப்பற்றிய 52-ஆம் மாடல் ஒன்று அங்கே அசல் சகே இன்ஜினுடன் பறக்கும் நிலையில் பேணப்படுகிறது. பக்கத்தில் நிற்கும்போது இறக்கையின் பின்விளிம்பில், நுனியிலிருந்து பாதி இறக்கை வரை நீளும் ஐலரானைக் கவனியுங்கள். அடுத்ததாக, உடலும் இறக்கையும் சேரும் இடத்தில் இணைப்புக் கோடு தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள்.